ஓவர்லே கிளிப்பைத் திரை முழுவதும் நிரப்புதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோ எடிட்டிங்கில் புதிதாக நுழைந்தவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது, மேல் டிராக்கில் (கிளிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வரிசைகளில் மேலே உள்ளதில்) வைத்த கிளிப்பைத் திரை முழுவதும் வருமாறு பெரிதாக்குவது பற்றித்தான். கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், வடிவம் பற்றிய கேள்வி ஒன்றும் பிக்சல் பற்றிய கேள்வி ஒன்றும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வேறு அளவு சொல்லப்படாத இடங்களில் புராஜெக்ட்டின் (நீங்கள் உருவாக்கும் வீடியோவின்) அளவு 1920 × 1080 பிக்சல் என்று கொள்ளவும்.

1. மேல் டிராக்கில் வைத்த வீடியோ மட்டும் ஏன் சின்னப் பெட்டியாக வருகிறது? கீழே வைத்தால் முழுசாகத் தெரிகிறதே?

ஓவர்லே என்பது முதன்மை வீடியோவின் மீது மற்றொரு வீடியோவையோ படத்தையோ அடுக்கிக் காட்டும் முறை. டைம்லைனில் (கிளிப்புகளை நேர வரிசையில் வைக்கும் பகுதியில்) மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். மேலே ஒன்றை வைப்பவர் கீழே இருப்பதும் தெரிய வேண்டும் என்றே விரும்புவார் என்ற எண்ணத்தில், சில மென்பொருள்கள் ஓவர்லே கிளிப்பைத் தாமாகவே சிறிதாக்கி வைக்கின்றன. கோரல் வீடியோஸ்டுடியோ அப்படிப்பட்டது. மேக் கணினியின் ஐமூவியில் 'பிக்சர் இன் பிக்சர்' என்று தேர்ந்தால் கிளிப் மூலையில் சிறு பெட்டியாக அமரும். அதே கிளிப்பைக் 'கட்அவே' என்று மாற்றினால் உடனே திரை முழுவதும் வந்துவிடும்.

பிரீமியர் புரோவில் காரணம் வேறு. அங்கே எந்த டிராக்கில் இருக்கிறது என்பது அளவைப் பாதிப்பதில்லை. வழக்கமான அமைப்பில், 1280 × 720 கிளிப் எந்த டிராக்கில் இருந்தாலும் சுற்றிலும் இடம் விட்டே தெரியும், ஏனென்றால் அதனிடம் இருக்கும் பிக்சல்களே அவ்வளவுதான். ஆகவே உங்கள் கிளிப் சிறிதாகத் தெரியும்போது, மென்பொருள் அதைச் சுருக்கியிருக்கிறதா அல்லது அது இயல்பிலேயே சிறியதா என்பதை முதலில் பாருங்கள். கிளிப்பின் விவரங்களில் அகலமும் உயரமும் எழுதியிருக்கும்.

2. பிரிவியூவில் மூலையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகிறது. அதுவே போதாதா?

அவசரத்துக்குப் போதும், ஆனால் கையால் இழுக்கும்போது மூன்று தவறுகள் எளிதில் நேரும். ஓரம் சரியாகத் திரையின் விளிம்பில் நின்றதா என்பதைச் சிறிய பிரிவியூவில் கண்ணால் உறுதி செய்ய முடியாது. மூலைக்குப் பதிலாகப் பக்கவாட்டுப் புள்ளியை இழுத்துவிட்டால் படத்தின் வடிவமே கெடும். இழுக்கும்போது கிளிப் நடுவிலிருந்து நகர்ந்துவிட்டால், ஒருபக்கம் தேவைக்கு மேல் வெட்டுப்பட்டு மறுபக்கம் இடைவெளி விழும்.

வீடியோஸ்டுடியோவின் பல பதிப்புகளில் ஓவர்லே கிளிப்பைச் சுற்றி மஞ்சள் புள்ளிகளும் மூலைகளில் பச்சைப் புள்ளிகளும் இருக்கும். மஞ்சள் அளவை மாற்றும். பச்சை அந்த மூலையை மட்டும் தனியே இழுத்துப் படத்தைக் கோணலாக்கும். படம் சாய்ந்துவிட்டது என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் பச்சைப் புள்ளியைத்தான் பிடித்திருப்பார்கள். வலது சொடுக்கில் வரும் 'ரீசெட் டிஸ்டார்ஷன்' அதைச் சரிசெய்யும். எந்த மென்பொருளானாலும் முதலில் அதற்கென்று உள்ள கட்டளையைக் கொடுத்துவிட்டு, திருத்தம் தேவைப்பட்டால் மட்டும் எண்ணைத் தட்டச்சு செய்வதே என் பரிந்துரை.

3. அந்தக் கட்டளை எந்த மென்பொருளில் எங்கே இருக்கிறது?

வீடியோஸ்டுடியோவில் ஓவர்லே கிளிப்பைத் தேர்ந்து, பிரிவியூவில் அதன் மீது வலது சொடுக்கினால் 'ஃபிட் டு ஸ்கிரீன்' கிடைக்கும். வடிவம் மாறிவிட்டதாகத் தெரிந்தால் அதே பட்டியலில் 'கீப் ஆஸ்பெக்ட் ரேஷியோ' இருக்கிறது. பிரீமியர் புரோவில் டைம்லைனில் உள்ள கிளிப்பின் மீது வலது சொடுக்கினால் 'செட் டு ஃபிரேம் சைஸ்', 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' என்ற இரண்டைக் காணலாம். புதிய பதிப்புகளில் பெயர்களும் தெரிவுகளும் சற்று மாறியிருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பதாம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

டாவின்சி ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்து, இன்ஸ்பெக்டரில் 'ரீடைம் அண்ட் ஸ்கேலிங்' பகுதிக்குச் சென்றால் கிராப், ஃபிட், ஃபில், ஸ்டிரெச் என்ற தெரிவுகள் வரும். ஃபைனல் கட் புரோவில் வீடியோ இன்ஸ்பெக்டரின் கீழ்ப்பகுதியில் 'ஸ்பேஷியல் கன்ஃபார்ம்' இருக்கிறது. அதில் ஃபிட், ஃபில், நன் (None) ஆகியவை உண்டு. ஃபிட், ஃபில் என்பவற்றின் பொருளை அடுத்த கேள்வியில் சொல்லியிருக்கிறேன். ஷாட்கட்டில் 'சைஸ், பொசிஷன் அண்ட் ரோடேட்' என்ற ஃபில்டரைச் சேர்க்க வேண்டும்; கேடென்லைவில் 'டிரான்ஸ்ஃபார்ம்' எஃபெக்ட். கேப்கட், கைன்மாஸ்டர் போன்ற கைபேசிச் செயலிகளில், ஓவர்லேயை அல்லது லேயரைத் தொட்டுத் தேர்ந்துவிட்டு இரண்டு விரல்களால் விரித்தால் பெரிதாகும்.

4. முழுத்திரை என்று கொடுத்துவிட்டேன். இருந்தும் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது. ஏன்?

கிளிப்பின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், புராஜெக்ட்டின் விகிதத்தோடு ஒத்துப்போகவில்லை. விகிதங்கள் வேறானால் 'முழுத்திரை' என்பதற்கு மூன்று பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் எது வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். படத்தின் எந்தப் பகுதியும் வெட்டுப்படாமல் திரைக்குள் வைப்பது அடக்குதல். இதில் இரண்டு பக்கங்களிலோ மேலும் கீழுமோ இடம் மிஞ்சும். திரையில் ஒரு பிக்சலும் வெறுமையாக இல்லாதபடி பெரிதாக்குவது நிரப்புதல். இதில் படத்தின் ஓரங்கள் வெளியே போய்விடும். வெட்டவும் மாட்டேன், இடமும் விடமாட்டேன் என்று ஒரு திசையில் மட்டும் இழுப்பது நீட்டுதல். இதில் வடிவம் கெடும்.

பெரும்பாலான மென்பொருள்களில் 'ஃபிட்' என்பது அடக்குதலையும் 'ஃபில்' என்பது நிரப்புதலையும் குறிக்கும். இடைவெளியே இருக்கக் கூடாது என்றால் உங்களுக்கு வேண்டியது ஃபில். ஓவர்லேயில் மிஞ்சும் இடம் கறுப்பாக இருக்க வேண்டும் என்பதுமில்லை: கீழே வேறு வீடியோ இருந்தால் அந்த இடத்தில் அதுதான் தெரியும், அது கறுப்பைவிடக் கண்ணை அதிகமாக உறுத்தும்.

5. கொஞ்சம் நீட்டிவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாதே.

தெரியும். மனித முகத்தை நாம் வாழ்நாள் முழுவதும் பார்த்துவருகிறோம். அது சிறிதளவு அகன்றாலும் காரணம் சொல்லத் தெரியாமலேயே ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவோம். 4:3 விகிதக் கிளிப்பை 16:9 திரைக்கு நீட்டினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சக்கரம் முட்டை வடிவாகும், எழுத்துகள் பருத்துப்போகும்.

புகை, மேகம், நீர்ப்பரப்பு, மங்கலான பின்னணி போன்ற குறிப்பிட்ட வடிவமில்லாத காட்சிகளை மட்டும் நீட்டலாம். மனிதர், கட்டடம், எழுத்து, வட்டமான பொருள் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நீட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

6. எத்தனை சதவீதம் கொடுத்தால் சரியாக நிரம்பும்? ஒவ்வொரு முறையும் ஊகித்தே போடுகிறேன்.

ஊகிக்கத் தேவையில்லை. புராஜெக்ட்டின் அகலத்தைக் கிளிப்பின் அகலத்தால் வகுங்கள். உயரத்தையும் அவ்வாறே வகுங்கள். கிடைக்கும் இரண்டு விடைகளில் சிறியது அடக்குதலுக்கான அளவு, பெரியது நிரப்புதலுக்கான அளவு. 1280 × 720 கிளிப்புக்கு இரண்டு விடைகளும் 1.5, ஆகவே 150 சதவீதம் கொடுத்தால் வெட்டும் இல்லை, இடைவெளியும் இல்லை. 640 × 480 கிளிப்புக்கு அகலத்தில் 3, உயரத்தில் 2.25, எனவே 225 சதவீதம் அடக்கும், 300 சதவீதம் நிரப்பும். கைபேசியில் எடுத்த 4032 × 3024 புகைப்படத்துக்கு அடக்கும் அளவு 35.7, நிரப்பும் அளவு 47.6.

இந்தக் கணக்கு, 100 சதவீதம் என்பது கிளிப்பின் சொந்தப் பிக்சல் அளவைக் குறிக்கும் இடங்களில்தான் அப்படியே பொருந்தும். பிரீமியர் புரோவின் 'ஸ்கேல்' வழக்கமாக அவ்வகையானது. ரிசால்விலும் ஃபைனல் கட் புரோவிலும் வழக்கமான அமைப்பில் கிளிப் முதலிலேயே திரைக்குள் அடக்கப்பட்டுவிடுகிறது. அந்த அடக்கிய அளவுதான் அங்கே 1.00 அல்லது 100 சதவீதம். ஒரு மென்பொருளுக்கான எண்ணை மற்றொன்றில் போட்டுப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். அங்கே நிரப்ப வேண்டுமானால் பெரிய விடையைச் சிறிய விடையால் வகுத்து வரும் எண்ணைக் கொடுக்க வேண்டும். 640 × 480 கிளிப்புக்கு அது 3 வகுத்தல் 2.25, அதாவது 1.33.

7. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவை அகலத் திரை முழுக்க வரவைக்க முடியுமா?

முடியும், ஆனால் என்ன இழக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். 1080 × 1920 கிளிப்பை 177.78 சதவீதமாக்கினால் அகலம் நிரம்பும். அப்போது அதன் உயரம் 3413 பிக்சலாகிவிடும், திரையில் தெரிவதோ 1080 மட்டுமே. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதிதான் மிஞ்சுகிறது. நின்றுகொண்டு பேசுபவரின் முழு உருவம் எடுக்கப்பட்டிருந்தால் தலையோ காலோ நிச்சயம் போய்விடும். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து எந்தப் பகுதி முக்கியமோ அதைத் திரையில் நிறுத்துங்கள். நடுப்பகுதிதான் வேண்டும் என்று மென்பொருளே தீர்மானிக்க விடாதீர்கள்.

பலரும் கையாளும் மாற்று வழி, அதே கிளிப்பை இரண்டு டிராக்குகளில் வைப்பது. கீழே இருப்பதை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கி, காசியன் ப்ளர் போட்டு மங்கலாக்குங்கள். மேலே இருப்பதை 56.25 சதவீதத்தில் அடக்கி வையுங்கள். திரை நிரம்பியும் இருக்கும், படமும் வெட்டுப்படாது. ப்ளர் போட்டதும் ஓரங்கள் இருண்டுபோனால், பிரீமியர் புரோவில் அந்த எஃபெக்ட்டில் உள்ள 'ரிபீட் எட்ஜ் பிக்சல்ஸ்' என்பதைத் தேர்ந்தால் சரியாகும். இந்த மங்கல் பின்னணி இப்போது மிகவும் பழகிப்போய்விட்டது என்பது உண்மை. ஆனாலும் முக்கியமான ஆளின் பாதி உடலை வெட்டுவதைவிட இது மேல்.

இன்னொன்றையும் பாருங்கள். கைபேசி, வீடியோவைப் படுக்கை வாக்கில் பதிந்துவிட்டு 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை மட்டும் கோப்பில் சேர்த்திருக்கக்கூடும். அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் வீடியோ பக்கவாட்டில் சாய்ந்து வரும். அப்படியானால் முதலில் 90 பாகை திருப்பிவிட்டு, அதன் பிறகே அளவைக் கணக்கிட வேண்டும்.

8. பெரிதாக்கியதும் படம் மங்கிவிட்டது. கூர்மையாக்க வழி உண்டா?

1280 × 720 ஃபிரேமில் 9,21,600 பிக்சல்கள் இருக்கின்றன. 1920 × 1080 திரைக்கு 20,73,600 வேண்டும். அதாவது திரையில் தெரிவதில் பாதிக்கும் மேலான பிக்சல்கள், மென்பொருள் அண்டைப் பிக்சல்களைப் பார்த்து உருவாக்கியவை. இல்லாத நுணுக்கத்தை ஷார்ப்பன் எஃபெக்ட் கொண்டுவராது; இருக்கும் விளிம்புகளை அழுத்திக் காட்டும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். ரிசால்வின் 'சூப்பர் ஸ்கேல்' போன்ற வசதிகள் சாதாரணப் பெருக்கத்தைவிட நல்ல விளைவைத் தருகின்றன, ஆனால் முகங்களில் செயற்கையான வழுவழுப்பு வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

என் அனுபவத்தில் 120 சதவீதம் வரை பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அசைவு மிகுந்த காட்சியில் 150 சதவீதமும் ஏற்கத்தக்கது. 200 சதவீதத்தைத் தாண்டினால் மங்கல் வெளிப்படையாகத் தெரியும். அப்படிப்பட்ட கிளிப்பை முழுத்திரையாக்காமல், அழகான ஓரத்துடன் பாதித் திரையில் வைப்பதே அதற்குச் செய்யும் நியாயம். மங்கலைக் கண்டு முடிவெடுக்கும் முன்பு, பிரிவியூவின் தரம் பாதியிலோ கால் பங்கிலோ வைக்கப்பட்டிருக்கிறதா, குறைந்த அளவிலான பிராக்ஸி (எடிட்டிங்கின்போது மூலக் கோப்புக்குப் பதிலாக ஓடும் சிறிய நகல்) ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். அவை பார்வைக்கு மட்டுமே. முழுத் தரத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் படம் தெளிவாக இருக்கலாம்.

9. 'செட் டு ஃபிரேம் சைஸ்', 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' இரண்டும் ஒன்றுதானே? பார்வைக்கு வித்தியாசமே இல்லை.

கட்டளை கொடுத்த அந்தக் கணத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு ஸூம் செய்யும்போதுதான் தெரியும். 3840 × 2160 கிளிப்புக்குச் 'செட்' கொடுத்தால் ஸ்கேல் மதிப்பு 50 ஆகிறது, மூலப் பிக்சல்கள் அனைத்தும் கையில் இருக்கின்றன. பிறகு ஸ்கேலை 100 வரை உயர்த்தினாலும் கூர்மை குறையாது. 'ஸ்கேல்' கொடுத்தால் கிளிப் முதலில் 1920 × 1080 ஆகக் குறைக்கப்பட்டு, மதிப்பு 100 என்றே நிற்கும். அதன் பிறகு 200 ஆக்கினால், குறைக்கப்பட்ட படத்தைத்தான் பெரிதாக்குகிறீர்கள். எட்டாம் கேள்வியில் சொன்ன மங்கல் இங்கே தேவையின்றி வந்துசேரும்.

ஆகவே பெரிய கிளிப்புகளுக்குச் 'செட்' என்பதையே பயன்படுத்துங்கள். பிரிஃபரன்ஸஸில் மீடியா பகுதியில் 'டிஃபால்ட் மீடியா ஸ்கேலிங்' இருக்கிறது. அதை ஒருமுறை அமைத்துவிட்டால் அதன் பின் கொண்டுவரும் கிளிப்புகளுக்குத் தானாகவே பொருந்தும். முன்பே புராஜெக்ட்டில் இருப்பவை மாறா.

10. ஓவர்லே திரையைவிடப் பெரிதாக வந்துவிட்டது. முகத்தில் பாதிதான் தெரிகிறது.

இது முதல் கேள்வியின் மறுபக்கம். 3840 × 2160 கிளிப்பை 100 சதவீதத்தில் வைத்தால் அதன் நடுவிலுள்ள கால் பங்கு மட்டுமே 1920 × 1080 திரையில் தெரியும். 50 சதவீதம் போதும். கிளிப் 4096 × 2160 ஆக இருந்தால் கவனம் வேண்டும், ஏனென்றால் அதன் விகிதம் 16:9 அல்ல. 50 சதவீதத்தில் இரண்டு பக்கமும் 64 பிக்சல்கள் வெட்டுப்படும். வெட்டாமல் அடக்க வேண்டுமானால் 46.875 சதவீதம், அப்போது மேலும் கீழும் ஏறத்தாழ 34 பிக்சல் இடம் மிஞ்சும்.

11. எல்லாம் சரியாக நிரம்பிவிட்டது, ஆனால் ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு மாதிரி ஏதோ தெரிகிறது.

கிளிப்பின் விளிம்புக்கும் திரையின் விளிம்புக்கும் இடையே ஒரு பிக்சலோ அதற்கும் குறைவாகவோ இடைவெளி இருந்து, அதன் வழியே கீழ் டிராக் தெரிகிறது. கணினித் திரைப் பதிவுகளில் இதை அடிக்கடி காணலாம். 1366 × 768 என்ற திரை அளவு 16:9 போலத் தோன்றினாலும் துல்லியமாக 16:9 அல்ல. அகலத்தை 1920 ஆக்கும்போது உயரம் 1079.47 வரைதான் வரும். குறைகிற அரைப் பிக்சல்தான் மேலேயோ கீழேயோ கோடாகத் தெரிகிறது. இங்கே நிரப்பும் அளவு 140.625 சதவீதம், 140.7 கொடுத்தால் கோடு மறையும், ஓரத்தில் போவது ஒரு பிக்சல் அளவுக்கே.

படம் நடுவில் இல்லாவிட்டாலும் இதே கோடு வரும். 1920 × 1080 புராஜெக்ட்டில் பிரீமியர் புரோவின் பொசிஷன் 960, 540 என்றும், ரிசால்வில் 0, 0 என்றும் இருக்க வேண்டும். 959.3 போன்ற எண்ணைக் கண்டால் கையால் இழுத்ததின் விளைவு என்று அறியலாம்.

12. 'ஃபில்' கொடுத்தும் கறுப்புப் பட்டை போகவில்லை. மென்பொருளில் கோளாறா?

கோளாறு இல்லை, பட்டை கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறது. கட்டளை ஃபிரேமின் அளவை மட்டுமே பார்க்கும். அந்த ஃபிரேமுக்குள் எது படம், எது கறுப்பு என்று அதற்குத் தெரியாது. நிமிர்ந்த வீடியோ ஒன்றை யாரோ ஏற்கெனவே 1920 × 1080 ஆக எக்ஸ்போர்ட் செய்து அனுப்பியிருந்தால், கோப்பின் விகிதம் 16:9 தான். எனவே ஃபில் செய்ய அங்கே வேலையே இல்லை. நீங்களே ஏறத்தாழ 316 சதவீதம் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் உண்மையான படம் சுமார் 607 பிக்சல் அகலம்தான் என்பதால் மங்கல் கடுமையாக இருக்கும். இப்படிப்பட்ட கோப்பு வந்தால், அனுப்பியவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதைவிட நல்ல தீர்வு எதுவும் இல்லை.

நான்கு பக்கமும் கறுப்பாக வரும் பழைய கோப்புகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 640 × 480 ஃபிரேமுக்குள் 640 × 360 அளவில் அகலப் படம் பதிந்திருந்தால், அடக்கும்போது நான்கு பக்கமும் கறுப்புச் சூழும். ஆறாம் கேள்வியில் பார்த்த 300 சதவீதத்தைக் கொடுங்கள்: 360 மூன்று மடங்காகி 1080 ஆகும், வெளியே போவது பட்டை மட்டுமே, படத்தில் ஒரு பிக்சலும் இழப்பில்லை. 2.39:1 விகிதத்தில் படமாக்கியதை மேலும் கீழும் பட்டையுடன் தந்திருந்தால் 134.5 சதவீதம் வேண்டும். ஆனால் அதில் அகலத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். ஒளிப்பதிவாளர் அந்த அகலத்தை எண்ணித்தான் காட்சியை அமைத்திருப்பார் என்பதால், பட்டையை அப்படியே விடுவதையே நான் விரும்புவேன்.

13. பழைய டேப் கேமரா வீடியோ 1440 × 1080 என்று காட்டுகிறது. இதையும் பெரிதாக்கி வெட்ட வேண்டுமா?

வெட்டிவிடாதீர்கள். எச்டிவி (HDV) டேப்களிலும் சில ஏவிசிஎச்டி (AVCHD) பதிவுகளிலும் பிக்சல் சதுரமாக இல்லை. ஒவ்வொரு பிக்சலும் உயரத்தைவிட 1.333 மடங்கு அகலமாகக் காட்டப்பட வேண்டும். 1440 ஐ அந்த எண்ணால் பெருக்கினால் 1920 கிடைக்கும், ஆக அது முழுமையான 16:9 படமே. மென்பொருள் அதைச் சதுரப் பிக்சலாகத் தவறாகக் கருதினால்தான் ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்து, பக்கங்களில் இடம் விழும். பிரீமியர் புரோவில் 'இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்' என்ற அமைப்பில் பிக்சல் விகிதத்தை 1.333 ஆக மாற்றினால் ஸ்கேலைத் தொடாமலேயே திரை நிரம்பும். ஐந்தாம் கேள்வியில் நீட்டக் கூடாது என்றேனே, இது அதற்கு முரண் அல்ல: இங்கே சுருங்கிப்போன வடிவம் தன் உண்மையான வடிவத்துக்குத் திரும்புகிறது.

டேப் பதிவுகள் பல இன்டர்லேஸ் முறையில், அதாவது படத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறிமாறிப் பதியும் முறையில், எடுக்கப்பட்டவை. அவற்றை டீஇன்டர்லேஸ் செய்யாமல் (முழுப் படங்களாக மாற்றாமல்) பெரிதாக்கினால், அசையும் பொருள்களின் விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற கோடுகள் பெரிதாகித் தெரியும். முதலில் டீஇன்டர்லேஸ், பிறகு ஸ்கேல் என்ற வரிசை மாறக் கூடாது.

14. மூலையில் சின்னதாக இருக்கும் ஓவர்லே மெதுவாக விரிந்து முழுத்திரையாக வேண்டும். கீஃபிரேம் போட்டால் ஆடுகிறது, தாவுகிறது.

கீஃபிரேம் என்பது குறிப்பிட்ட ஒரு நேரத்தில் ஒரு மதிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று பதிந்துவைக்கும் புள்ளி. ஸ்கேல் (அளவு), பொசிஷன் (இருக்கும் இடம்) இரண்டுக்கும் கீஃபிரேம் வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிய வேண்டும். வேகத்தை மென்மையாக்கும் ஈஸ் அமைப்பும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று முந்தினால் படம் வளைந்து நெளிந்து வரும். தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேண்டாத கீஃபிரேம்: கீஃபிரேம் இயங்கும் நிலையில் வேறு ஒரு நொடியில் நின்று அளவைத் திருத்தினால், மென்பொருள் பழையதை மாற்றாமல் புதியதொன்றைச் சேர்த்துவிடும். திருத்தும் முன்பு, அடுத்த கீஃபிரேமுக்குச் செல்லும் அம்புக்குறியை அழுத்தி அதன் மீதே நில்லுங்கள்.

பிரீமியர் புரோவில், விரிந்து முடிந்த பிறகும் படம் சற்று நகர்ந்து திரும்புவதைக் கண்டால், பொசிஷன் கீஃபிரேம்களின் பாதை வளைவாக இருக்கிறது என்று பொருள். 'ஸ்பேஷியல் இன்டர்போலேஷன்' என்பதை 'லீனியர்' ஆக்கினால் அது நிற்கும். சிறு பெட்டிக்கு ஓரக்கோடு, நிழல், வளைந்த மூலை ஆகியவற்றைக் கொடுத்திருந்தால் அவற்றையும் கீஃபிரேம் வழியாகப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் முழுத்திரையின் நான்கு மூலைகளிலும் கீழ் வீடியோ எட்டிப் பார்க்கும்.

15. நிறைய ஓவர்லேக்கள் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்து மற்றவற்றுக்கு நகல் எடுக்க முடியுமா?

எல்லாக் கிளிப்புகளும் ஒரே அளவில் எடுக்கப்பட்டவையாக இருந்தால் முடியும். சரிசெய்த கிளிப்பை நகலெடுத்து, மற்றவற்றைத் தேர்ந்து 'பேஸ்ட் அட்ரிபியூட்ஸ்' கொடுங்கள். விண்டோஸில் பிரீமியர் புரோவுக்கு கன்ட்ரோல், ஆல்ட், வி. ரிசால்வுக்கு ஆல்ட், வி. அளவுகள் கலந்திருந்தால் இந்த வழி உதவாது, ஏனென்றால் ஒட்டப்படுவது சதவீதம்தான். 720 கிளிப்புக்கான 150 சதவீதம் 1080 கிளிப்பின் ஓரங்களை வெட்டிவிடும். அப்போது எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்து, மூன்றாம் கேள்வியில் சொன்ன கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் உரிய அளவை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

16. முழுத்திரையாக்கிய பிறகும் கீழே உள்ள வீடியோ மங்கலாகத் தெரிகிறது, அதன் சத்தமும் கேட்கிறது.

மங்கலாகத் தெரிவதற்கும் அளவுக்கும் தொடர்பில்லை. ஒப்பாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) 100 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கிறதா, பிளெண்ட் மோடு (மேல் படம் கீழ்ப் படத்தோடு கலக்கும் விதம்) 'நார்மல்' தவிர வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓவர்லே ஒரு பிஎன்ஜி படமானால், அதன் ஓரங்களில் ஒளிபுகும் வெற்றுப் பகுதி இருக்கக்கூடும். அதையும் படத்தின் பகுதியாகவே கணக்கிட்டு மென்பொருள் நிரப்பியிருக்கும். ஒலியைப் பொறுத்தவரை, ஒரு படம் மற்றொரு படத்தை மறைக்கும், ஆனால் ஒரு ஒலி மற்றோர் ஒலியை மறைக்காது. கீழே பேசுபவரின் குரல் தொடர வேண்டும் என்றால் ஓவர்லேயின் ஒலியை நிறுத்துங்கள். இரண்டும் வேண்டுமானால் ஒன்றைத் தாழ்த்துங்கள்.

17. அப்படியானால் முழுத்திரைக் கிளிப்பைப் பேசாமல் முதன்மை டிராக்கிலேயே வெட்டிச் செருகிவிடலாமே?

பேட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இடையில் சில நொடிகள் வேறு காட்சி வந்துபோக வேண்டுமானால் மேல் டிராக்தான் வசதி. பேச்சு அறுபடாது, அந்தக் காட்சியை முன்பின் நகர்த்தினாலும் கீழே எதுவும் கலையாது. பேச்சும் நின்று காட்சியே மாற வேண்டிய இடத்தில் முதன்மை டிராக்கில் வைப்பது நல்லது, ஏனென்றால் தேவையில்லாத அடுக்குகள் பின்னால் திருத்தும்போது சுமையாகும்.

18. தூசி, ஒளிக்கீற்று, மழை போன்ற எஃபெக்ட் ஓவர்லேயை முழுத்திரையாக்கினால் எல்லாமே கறுப்பாகிவிடுகிறது.

அவை கறுப்புப் பின்னணியில் எடுக்கப்பட்டவை, திரை முழுவதும் வைப்பதற்கென்றே ஆனவை. பிளெண்ட் மோடை 'ஸ்கிரீன்' ஆக்கினால் கறுப்பு மறைந்து ஒளி மட்டும் கீழ் வீடியோவின் மீது படியும். இந்த மோடில் கறுப்புப் பட்டையும் தெரியாது என்பதால், நிரம்பாத ஓரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும் அபாயம் உண்டு. திடீரென்று மழை ஒரு நேர்கோட்டில் நின்றுபோனது போலத் தோன்றும். ஆகவே முதலில் 'நார்மல்' மோடிலேயே வைத்து நிரப்புங்கள், ஓரங்களைச் சரிபார்த்த பிறகு 'ஸ்கிரீன்' மோடுக்கு மாறுங்கள்.

19. அகலத் திரைக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டு, புராஜெக்ட்டை 9:16 ஆக மாற்றினேன். அத்தனை ஓவர்லேயும் குலைந்துவிட்டது.

நிரப்புதல் என்பது கிளிப்புக்கும் திரைக்கும் இடையிலான உறவு. திரை மாறினால் ஆறாம் கேள்வியின் கணக்கு முழுவதும் மாறும். 1920 × 1080 கிளிப்பை 1080 × 1920 திரையில் நிரப்ப 177.78 சதவீதம் வேண்டும், வெட்டுப்படுவது இப்போது பக்கங்களில். பிரீமியர் புரோவின் 'ஆட்டோ ரீஃபிரேம்', ரிசால்வ் ஸ்டுடியோவின் 'ஸ்மார்ட் ரீஃபிரேம்' ஆகியவை முக்கியமான உருவத்தைப் பின்தொடர்ந்து நகர்த்த முயலும். ஒருவர் மட்டும் இருக்கும் காட்சியில் நன்றாக வேலை செய்கின்றன. இருவர் எதிரெதிரே உரையாடினால் கையால் திருத்த வேண்டியிருக்கும். மூலப் புராஜெக்ட்டின் நகலை எடுத்து அதில் மட்டும் விகிதத்தை மாற்றுங்கள். இரண்டு வடிவமும் தேவை என்று முன்பே தெரிந்தால், படமெடுக்கும்போதே முக்கியமானதை நடுவில் வைக்கச் சொல்வது எடிட்டிங்கில் பெரும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

20. பிரிவியூவில் முழுத்திரையாக இருந்தது. எக்ஸ்போர்ட் செய்தபின் சுற்றிலும் கறுப்பு வந்துவிட்டது.

எக்ஸ்போர்ட் அமைப்பில் உள்ள அகலமும் உயரமும் புராஜெக்ட்டின் விகிதத்தோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். 16:9 புராஜெக்ட்டை 1440 × 1080 சதுரப் பிக்சலில் வெளியிட்டால் மேலும் கீழும் பட்டை விழுவது இயல்பு. பிரீமியர் புரோவின் எக்ஸ்போர்ட் பகுதியில் 'ஸ்கேல் டு ஃபிட்', 'ஸ்கேல் டு ஃபில்', 'ஸ்டிரெச் டு ஃபில்' என்ற தெரிவுகள் இருக்கின்றன. நான்காம் கேள்வியில் சொன்ன அடக்குதலும் நிரப்புதலும் நீட்டுதலும்தான் அவை, இம்முறை தனிக் கிளிப்புக்குப் பதிலாக முழு வீடியோவுக்கும் பொருந்துகின்றன. அங்கே 'ஃபில்' கொடுத்துப் பட்டையை மறைக்கலாம்தான், ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த ஒவ்வொரு ஓவர்லேயின் ஓரமும், தலைப்பு எழுத்துகளும் சேர்ந்தே வெட்டுப்படும். எக்ஸ்போர்ட் அளவைப் புராஜெக்ட்டின் அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவதே சரி.

எக்ஸ்போர்ட் அளவும் சரியாக இருந்தால், பிரிவியூ சாளரத்தின் ஸூமைப் பாருங்கள். அதை 'ஃபிட்' இல் வைக்காமல் 100 அல்லது 150 சதவீதத்தில் வைத்திருந்தால், திரையின் ஓரங்கள் சாளரத்துக்கு வெளியே போய்விடும். நிரம்பாத ஓவர்லேயும் நிரம்பியதாகவே தோன்றும். பிரிவியூவின் ஸூம் கிளிப்பின் அளவை மாற்றுவதில்லை, நீங்கள் பார்க்கும் பகுதியை மட்டுமே மாற்றுகிறது. அதை 'ஃபிட்' இல் வைத்த பிறகு, ஒவ்வொரு ஓவர்லேயின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு எக்ஸ்போர்ட் கொடுங்கள்.